செல்லாத கையெழுத்து

“டீச்சர், நீங்க போடச் சொன்ன புது லைப்ரரி வேலையைக் கெடுக்குது. பழையதையே திரும்பப் போட்டுடட்டுமா?”

அருள்வளன் நின்றுகொண்டே கேட்டார். உட்காரப் பொறுமை இல்லை.

நிலோபர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவரைவிட வயதில் மிகவும் சின்னவள். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான். செய்திகளைப் பூட்டித் திறக்க மற்ற செயலிகளுக்குள் வைக்கும் நிரல் தொகுப்பு, அந்தக் குறியாக்க லைப்ரரி. அதைக் காசு வாங்காமல் எழுதிப் பராமரிப்பவர்களில் ஒருத்தி. யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். யாரும் உள்ளே திறந்து படிக்கலாம்.

வீட்டில் அடிபட்டு ஓடிவந்த பெண்களைத் தங்கவைக்கும் காப்பகங்களுக்காக, அதை வைத்து அருள்வளன் ஒரு செயலி செய்திருந்தார். அனுப்பியவரின் டிஜிட்டல் கையெழுத்து சரியாக இருந்தால்தான் செய்தி திறக்கும்.

காலையில் புதிய பதிப்புக்கு மாற்றினார். மத்தியானமே சிக்கல்.

“பெண்களை எங்கே அனுப்பணும்னு முடிவு பண்ற வக்கீல் திலகவதி மேடம் பேர்ல காப்பகத்துக்கு ஒரு செய்தி வந்திருக்கு. கையெழுத்து செல்லாதுன்னு திறக்க மாட்டேங்குது.”

“மேடத்துக்கிட்ட கேட்டீங்களா?”

“கோர்ட்ல இருக்காங்க. போன் அணைஞ்சிருக்கு.”

அவர் கைபேசி அலறியது. காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர்.

“சார், வாசல்ல ஒரு வண்டி நிக்குது. இங்கே தங்கியிருக்கிற கமலியோட புருஷனுக்கு இந்த விலாசம் தெரிஞ்சுபோச்சாம். ஆளுங்களோட வந்துட்டிருக்கானாம். மேடம் செய்தி அனுப்பியிருக்காங்க, பாருங்கன்னு டிரைவர் கத்துறார். கமலி ரெண்டு பிள்ளைங்களோட கிளம்பி நிக்கிறா. ஏத்தி விடட்டுமா?”

“ஒரு நிமிஷம் இரும்மா.”

அருள்வளன் கணினி முன்னால் குனிந்தார். “பழையதைப் போட்டா செய்தி திறந்துடும், டீச்சர். என்ன எழுதியிருக்குன்னு பார்த்துடலாம்.”

“பழையது ஏன் திறக்கும்?”

“அது இவ்வளவு கண்டிப்பு இல்லை.”

“அதைத்தான் மாத்தினோம். கள்ளக் கையெழுத்து சிலதை அது ஒத்துக்கிச்சு.”

“பழைய போன்லேருந்து அனுப்பினாலும் இப்படி ஆகலாம்னு புதுப் பதிப்போட குறிப்புல நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“ஆகலாம்.”

“அப்போ இது மேடம் அனுப்பினதாகவும் இருக்கலாம்!”

“இருக்கலாம்.”

அவர் கை விசைப்பலகைக்குப் போனது. நிலோபர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மறுகையால் அவர் கைபேசியை வாங்கினாள்.

“அக்கா, நான் நிலோபர், சாரோட இருக்கேன். கேட்டைத் திறக்காதீங்க. பிள்ளைங்களை உள்ளே கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்துங்க. இன்னொரு போன்ல போலீஸைக் கூப்பிடுங்க. இதை வைக்காதீங்க.”

அருள்வளன் அவள் பக்கம் திரும்பினார்.

“அவன் நிஜமாவே வந்துட்டான்னா? தப்பிக்க இருந்த ஒரே வண்டியை நாமே தடுத்தோம்னு ஆயிடும். யார் பொறுப்பு?”

“நான்.”

அவள் கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள்.

கைபேசியில் கேட்டை உலுக்கும் சத்தம் கேட்டது. யாரோ கெட்ட வார்த்தையில் ஏசினார்கள். குழந்தை ஒன்று வீறிட்டது. கமலியின் குரல் அதட்டியது. பிறகு அதுவும் உடைந்து அழுதது.

அருள்வளன் விசைப்பலகையைப் பார்த்தார். எட்டிப் பிடுங்கிவிடலாம். “போலீஸ் சீக்கிரம் வரணும்,” என்று நிலோபர் முணுமுணுத்தாள். அதைக் கேட்டதும் அவருக்குப் பயம் கூடியது.

திடீரென்று வண்டி கிளம்பும் சத்தம்.

“போயிட்டான் சார்,” என்றாள் எஸ்தர். “போலீஸ் ஜீப் தெருமுனையில திரும்பினதும் பறந்துட்டான்.”

கொஞ்ச நேரத்தில் திலகவதியே கூப்பிட்டார். “என்னப்பா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?”

“மேடம், கமலியை வண்டியில அனுப்பச் சொல்லி...”

“நானா? நான் எதுவும் அனுப்பலையே!”

அருள்வளன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டீச்சர், அது பொய்ச் செய்தின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியாது.”

“தெரியாமலா அந்தக் கேட்டைப் பூட்டி வைக்கச் சொன்னீங்க?”

நிலோபர் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“லைப்ரரிக்கும் தெரியாது, சார். யார் அனுப்பினாங்கன்னு தெரியாது, அதனால திறக்க மாட்டேன்னுதானே மத்தியானத்திலேருந்து அது சொல்லிக்கிட்டிருந்துச்சு.”