கஸ்பார் அண்ணன் கயாக் ஓட்டத் தயாரான கதை

அன்னைக்குக் காலையில ஐஸ் கம்பெனியில கரண்ட் போயிட்டு. ஐஸ் உறைய இன்னும் நேரமாகும்னு சொல்லிட்டாங்க. மீன் விக்கிற பூரணம் அக்கா காலிப் பெட்டியக் கவுத்துப் போட்டு உக்காந்தாங்க. ஐஸ் உடைக்கிற மிக்கேல் சுத்தியலைத் தள்ளி வச்சுட்டு பீடி பத்த வச்சான். நான் சைக்கிள்ல சாஞ்சு நின்னேன். எங்கயும் ஓட முடியாம மாட்டிக்கிட்ட மூணு பேரைப் பாத்தா எங்க ஊரு கஸ்பார் அண்ணனுக்குச் சும்மா போக மனசு வருமா?

"போன வருசம் நான் கயாக்குல கோடியக்கரைக்குக் கெளம்புனதச் சொன்னேனா?"ன்னு ஆரம்பிச்சாரு.

"கயாக்குன்னா என்ன தம்பி?"ன்னு பூரணம் அக்கா கேட்டாங்க.

"ஒத்த ஆளு உக்காந்து துடுப்புப் போடுற பிளாஸ்டிக் படகுக்கா. மொளகா வத்தல் மாதிரி ஒல்லியா, செவப்பா இருக்கும். என் தங்கச்சி கிளாராவுக்கு ஆம்பளப் பிள்ள பொறந்துச்சுல்லா? ஞானஸ்நானத்துல பிள்ளையக் கையில ஏந்தி, அதுக்காகப் பதில் சொல்ற ஞானத்தகப்பனா நிக்க எனக்கும் ஆசை, அவ மாப்பிள்ளையோட அண்ணன் தொம்மைக்கும் ஆசை. ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சுக்கிட்டோம். கிளாராதான் கடைசில, 'துடுப்புப் போட்டு கோடியக்கரைக்குப் போங்க. எவரு முந்துறாரோ அவரு கையில பிள்ளையக் குடுக்கேன்'னுட்டா. வழியெல்லாம் மனுசன் இல்லாத தீவு, முள்ளுக்காடு, அதத் தாண்டுனா அலையாத்திக் காடு. ஒரு டீக்கடை கெடையாது. சும்மா போயிர முடியுமா? தயாராகணும்லா?"

"எப்படித் தயாரானீரு?"ன்னான் மிக்கேல். கேட்டிருக்கக் கூடாது.

"மொதல்ல கை. கயாக்க ஒரு நைலான் கயித்துல கட்டி, மறுமுனைய எங்க வீட்டுத் தென்னையில கட்டிட்டேன். கடல்ல எறங்கி கெழக்கப் பாத்து துடுப்புப் போட்டேன் பாரு, காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும்!"

"மரம் சாஞ்சிருக்குமே?"

"நம்ம தென்னை சாயுமாவே? அது அப்படியே நின்னுச்சு. கயிறும் அறல. தெருதான் நவுந்துட்டு. எங்க தெரு பூரா கெழக்க வந்துட்டு. மறுநாள் மெயின் ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்குன எங்க மாமனாரு நடந்து நடந்து காலு வீங்கி வந்து சேந்தாரு. 'எப்பவும் நாலு எட்டுல வருவனே மாப்ள'ன்னு அழுதுட்டாரு, பாவம்."

மிக்கேல் என்னைப் பாத்தான். நான் சைக்கிள் டயரைப் பாத்தேன்.

"அடுத்தது தண்ணி. குடத்தத் தூக்கிட்டா போக முடியும்? கடத்தண்ணியே குடிச்சுப் பழகிருவோம்னு மொத நாள் ஒரு மடக்கு, பொறவு ஒரு டம்ளர், பொறவு ஒரு வாளி. அதுக்கப்புறம் நல்ல தண்ணி குடிச்சா புளிச்சுது. ஆனா வெயில்ல நடந்தா முதுகு பூரா உப்புப் பூக்கும். உப்பளத்துல வேலை பாக்குற ஆளுங்க உப்பு வார்ற பலகையத் தூக்கிட்டு எம்பின்னாலயே வருவாங்க. வீட்டுல ஜெசிந்தா குழம்புக்கு உப்பு வாங்குறதையே விட்டுட்டா. 'ஏங்க, இதுல வெரல முக்குங்க'ம்பா."

"உப்புக் கூடிப்போனா?"ன்னு பூரணம் அக்கா கேட்டாங்க.

"அது வெரல எடுக்கப் பிந்துன தப்புக்கா. குழம்பக் குத்தம் சொல்லப்படாது."

"சரி, காட்டுக்கு என்ன பண்ணுனீரு?"

"அலையாத்திக் காட்டுல கொசு ஒவ்வொண்ணும் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். கடி வாங்கிப் பழகணும்னு சட்டையக் கழத்திட்டு ஓடைக்கரையில உக்காந்தேன். கடிச்சுச்சுங்க. ஆனா நம்ம ரத்தம்தான் உப்பாச்சே! குடிச்ச கொசு பூராவும் தாகம் தாங்காம எங்க தெருவுல குடம் குடமா ஏறி எறங்குது. ஒரு கொசு மயங்கியே விழுந்துட்டு. மனசு கேக்காம டாக்டர்ட்ட கொண்டு போனேன். 'பிரஷர் ஏறிட்டு, ஒரு மாசத்துக்கு இந்தாளைக் கடிக்க வேண்டாம்'னு அதுக்கிட்டயே கண்டிச்சுச் சொன்னாரு."

மிக்கேலுக்குப் புகை மூக்குல ஏறி இருமலா இருமுனான். அவன் இருமி முடிக்கிற வரைக்கும் அண்ணன் பெரிய மனசோட காத்திருந்தாரு.

"கெளம்புற அன்னைக்கு ஜெசிந்தா சாமானைக் கட்டுனா. அரிசி, கருவாடு, அடுப்பு, ஆட்டுக்கல்லு. கொதிக்கக் கொதிக்க ஒரு பானை சோறு. படகு விளிம்பு வரைக்கும் தண்ணி வந்துட்டு. நான் மூச்ச இழுத்தா முங்குது, விட்டா மெதக்குது. அதனால விட மட்டும் செஞ்சேன்."

"இழுக்கவே இல்லியா?"

"அலை தூக்கும்போது இழுத்துக்கிடுவேன். கரையில ஊரே கூடி நிக்குது. பக்கத்துல தொம்மை நீலக் கயாக்குல உக்காந்து மீசைய முறுக்குதான். கிளாரா பிள்ளைய வச்சுக்கிட்டுக் கைய காட்டுனா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அந்த வேகத்துல துடுப்ப ஒரே ஒரு போடு போட்டேன்!"

"போயிட்டீராக்கும்?"

"கயாக் போயிட்டு. நான் போகல."

"என்னது?"

"தெருவையே இழுத்துப் பழகுன கை, அன்னைக்குக் கயிறும் இல்ல. அது மட்டும் உருவிக்கிட்டுப் பாஞ்சுட்டு. நான் உக்காந்த வாக்குல, கையில துடுப்போட, முட்டளவு தண்ணியில கெடக்கேன். தொம்மை நாள்கணக்கா துடுப்புப் போட்டு, தாடியும் கிழிஞ்ச சட்டையுமா கோடியக்கரைக்குப் போய்ச் சேந்தா, அங்க என் கயாக் நிக்குது. பானையில சோறு ஆறல. ரெண்டு மான் அதுல சாஞ்சு தூங்குது. தொம்மை நாணயமான ஆளு. கயாக்கக் கட்டி இழுத்துட்டு வந்து, 'நான் முந்தல, இதான் முந்துச்சு'ன்னுட்டான். நானோ ஊர விட்டே போகல. ரெண்டு பேருக்கும் பிள்ளை இல்லைன்னு ஆயிட்டு."

"அப்போ யாருதான் ஞானத்தகப்பன்?"

அண்ணன் சொன்னாரு: "கயாக்குதான். கோயிலுக்குள்ள தூக்கிட்டுப் போயி, பிள்ளைய அது மடியில படுக்க வச்சாங்க. சாமியாரு, 'பசாசை விட்டுவிடுகிறாயா?'ன்னு கேட்டாரு. அது பாட்டுக்குக் கம்முனு கெடக்கு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலக்கா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசாத பிளாஸ்டிக்க எத வச்சு அவரு அந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பனா ஒத்துக்கிட்டாரு?"

கரண்ட் வந்துட்டு. பூரணம் அக்கா எந்திரிச்சு, உக்காந்திருந்த பெட்டிய நிமித்தி வச்சாங்க.

"அத வச்சுத்தான் தம்பி."