கூழையாபுரத்தார் ஒற்றுமையாக ஓட்டுப் போட்டது

கூழையாபுரத்தில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. அதில் நூறு உலக்கைக் கட்சி. மிச்சம் பன்னிரண்டு முறம் கட்சி. அந்தப் பன்னிரண்டும் முறம் வேட்பாளர் செண்பகவடிவின் வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிற ஆட்கள். ஆகவே உலக்கைக் கட்சியில் யார் நின்றாலும் தலைவர் நாற்காலி கிடைத்த மாதிரிதான். இவ்வளவு சுலபமான தேர்தலில் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். கூழையாபுரத்தாரிடம் அது இருந்தது.

யார் நிற்பது என்று முதலில் கட்சிக்குள்ளேயே போட்டி வந்தது. வெயிலுகந்தானும் சங்கிலியாண்டியும் மோதினார்கள். திரைக்குப் பின்னால் இரண்டு பானை வைத்து, கட்சிக்காரர்கள் நூறு பேரும் ஆளுக்கொரு புளியமுத்து போட்டார்கள். வெயிலுகந்தான் பானையில் ஐம்பத்தொன்று, சங்கிலியாண்டி பானையில் நாற்பத்தொன்பது. அன்றிலிருந்து இரண்டு தரப்பும் ஒரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் டீ குடித்தார்கள்.

அந்த நாற்பத்தொன்பதும் காலை வாரிவிடுமோ என்று வெயிலுகந்தான் கட்சி ஆபீசுக்குப் போன் போட்டார். மூன்று தேர்தலாக அவருக்குத் தலைவர் ஆசை. போதாக்குறைக்கு, மச்சினன் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் 'ஊர்த் தலைவர்' என்று அச்சடித்தே விட்டார்கள்.

மாவட்டச் செயலாளர் காரில் வந்து இறங்கினார்.

"ஒரு தரப்பு மட்டும் விட்டுக்கொடுத்தா அதுக்குப் பேரு ஒற்றுமை இல்ல. ரெண்டு தரப்பும் சமமா விட்டுக்கொடுக்கணும். பிடிக்காத ஆளுக்குப் போடுறோமேன்னு மனசு வலிச்சாலும் கட்சிக்காகப் போடணும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். கார் போய்விட்டது. அறிவும் அதிலேயே ஏறிப் போயிருக்க வேண்டும்.

தோற்ற தரப்புக்கு வேலை சுலபம். "எங்களுக்கு வெயிலுகந்தானைக் கண்டாலே ஆகாது. அவருக்கே போடுறோம்" என்று எழுந்து போய்விட்டார்கள். ஜெயித்த தரப்புதான் சமுதாயக்கூடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்தது.

"நாம என்னத்த விட்டுக்கொடுக்க?" என்றார் கொம்பையா. அவர் வெயிலுகந்தானுக்கு வலது கை. "நமக்குத்தான் அண்ணாச்சியப் பிடிக்குமே. அவருக்கே போட்டா மனசு எங்க வலிக்கும்?"

"எனக்கு லேசா வலிக்கும் வே" என்றார் ஒருவர். "போன வருசம் என் கடப்பாரைய வாங்கிட்டுப் போனவரு இன்னும் தரல."

"லேசா வலிச்சா போதாது. சமமா வலிக்கணும்."

"அப்ப சங்கிலியாண்டிக்குப் போடுவோமா?"

"அவரு பேருதான் ஓட்டுச் சீட்டுல இல்லையே."

கொம்பையா தொண்டையைச் செருமினார்.

"செண்பகவடிவு பேரு இருக்குல்லா?"

"அய்யய்யோ, அந்தம்மாவுக்கா? நெஞ்சே வெடிச்சிருமே!"

"அதத்தான வே இவ்வளவு நேரமாத் தேடுதோம்!"

வெயிலுகந்தானுக்கு எங்கோ இடித்தது. "ஏம்டே, அப்ப நான் ஜெயிக்கிறது?"

"ஆகாதவனே உங்களுக்கு ஓட்டுப் போடுதான், அண்ணாச்சி. இதுக்கு மேல என்ன ஜெயிக்கணும்?"

யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் பட்டது.

தேர்தல் அன்று இரண்டு தரப்பும் கைகோத்து, கண்ணீர் விட்டுக்கொண்டே வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் எண்ணினார்கள். முறம் அறுபத்து மூன்று, உலக்கை நாற்பத்தொன்பது. செண்பகவடிவு பயந்துபோய், "எங்க வீட்டுல அவ்வளவு பேரு இல்லையே சார், இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க" என்று கெஞ்சினாள். எண்ணினார்கள். அதேதான்.

செயலாளர் போனில் கத்தினார். "எவன்யா அந்த அம்பத்தோரு துரோகி?"

"நாங்கதான் தலைவரே!" என்றார் கொம்பையா. "ஒருத்தர் கூட பிசகல."

போன் கட்டாகிவிட்டது. "சந்தோசத்துல பேச்சு வரல போல" என்றார் கொம்பையா.

வீட்டு வாசலிலேயே வெயிலுகந்தானை மனைவி பொன்னுத்தாயி பிடித்துக்கொண்டாள். "என் தம்பி பத்திரிகைய என்ன செய்ய? உங்க ஓட்டையாவது உங்களுக்குப் போட்டீங்களா?"

"எப்படிடி போடுவேன்? நான் ஜெயிக்கணும்னு எல்லாரையும் விட ஆசைப்பட்டவன் நான்தான. எனக்குத்தான அதிகமா வலிக்கணும்?"

"நல்லா வலிச்சுது போங்க. நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

வெயிலுகந்தான் உருகிப்போனார். பாதி உருகும்போதே சந்தேகம் வந்தது. "அப்ப அன்னைக்குப் புளியமுத்து?"

"சங்கிலியாண்டி அண்ணனுக்கு. நீங்க தலைவரானா வர்றவன் போறவனுக்கெல்லாம் நான்ல காப்பி போடணும்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏட்டி, எனக்கு எதிரா முத்துப் போட்டவங்க அம்புட்டுப் பேரும் எனக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க. எனக்கு முத்துப் போட்டவங்கதான் கவுத்துட்டாங்க. அப்ப அடுத்த தடவை நூறு முத்தும் எனக்கு எதிரா விழுந்தா?"

மறுநாள் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீடு வீடாகக் கும்பிட்டு, "அடுத்த தடவை தயவுசெஞ்சு எனக்கு முத்துப் போட்டுறாதீங்க" என்று கேட்டார். நாலைந்து வீடு தாண்டியதும், வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் சங்கடத்தோடு நெளிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. இப்பத்தான் சங்கிலியாண்டி வந்து, அவருக்கு முத்துப் போடவே கூடாதுன்னு சூடத்துல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுப் போறாரு. இனிமே உங்களுக்குத்தான் போட்டாகணும்."