ஆவுடையின் திரிகையும் ஆஸ்தானக் கவிராயரின் ஓலையும்

விளாங்கோட்டையை ஆண்டவர் வீரகச்சி ராஜா. ஆனால் பாட்டு விஷயத்தில் ஆண்டது அவரல்ல, ஓர் ஓலை. புதிதாக யார் சபையேறினாலும், பாட்டைக் கேட்டு ஆஸ்தான வித்வான் ஏகாம்பரக் கவிராயர் ஓலையில் தீர்ப்பு எழுதுவார். நல்ல ஓலை என்றால் பட்டுச் சால்வை. கெட்ட ஓலை என்றால் கோயில், கல்யாணம், கடைத்தெரு, எங்கேயும் அப்புறம் வாய் திறக்கக் கூடாது. ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாத சட்டம்.

அந்தச் சபையில்தான் ஆவுடை அன்று தனியாக ஏறினாள். தனியாக என்றா சொன்னேன்? மடியில் ஐந்து மாதக் குழந்தை. விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை.

அதுவரை அவள் நால்வர் கோஷ்டியில் ஒருத்தி. ஊரே கொண்டாடிய கோஷ்டி. "என் காதுக்குள் வேறு என்னமோ கேட்கிறது" என்று விட்டுவிட்டு வந்தாள். அவர்களும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஓலை கெட்டுப்போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட வேண்டியதுதான். கொண்டுவந்திருந்த திரிகையைச் சுற்றினாள்.

ஆமாம், தம்பூரா இல்லை, மாவரைக்கும் திரிகை! அந்தக் கரகரப்பைச் சுருதியாக வைத்துக்கொண்டு பாடினாள். நடுவில் இரும்புச் சட்டியில் ஒரு தட்டு. அப்புறம் மதகு திறந்த மாதிரி ஒரு கூவல். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததையும் பாட்டு மாதிரியேதான் பாடினாள்.

"பழைய பாட்டைப் பாடும்மா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"உஸ்! இது ரொம்ப உசத்தியான சங்கதி ஐயா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"உமக்குப் புரிந்ததா?"

"புரியாததனால்தானே சொல்கிறேன்!"

பாட்டு முடிந்தது. கைதட்டலாமா கூடாதா என்று ஜனங்கள் கவிராயர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து ஓர் ஓலையை உருவினார். கணீரென்று வாசித்தார்.

"இது பாட்டல்ல, அடுப்பங்கரைச் சண்டை. எது கல், எது குரல் என்று பிரித்தறிய முடியவில்லை. கோஷ்டியில் இவள் கால்பங்கு. தனியே வந்ததும் அந்தக் கால்பங்கையும் காணோம்."

சபை சிரித்தது. ஆவுடைக்குக் காது அடைத்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். எந்தத் திசையில் எல்லை கிட்டம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அப்போது மருதாசலம் எழுந்தார். ராஜாவையே கேலி செய்துவிட்டு இத்தனை வருஷமாகத் தலை தப்பியிருக்கும் ஒரே மந்திரி அவர்தான்.

"கவிராயரே, அந்த ஓலையைக் கொஞ்சம் காட்டும். அடடா! எறும்பு வரிசை மாதிரி கறுகறுவென்று எழுத்து! இங்கே உட்கார்ந்து எழுதியதா?"

"பின்னே? கேட்கக் கேட்க எழுதினேன். அவள் வாயை மூடவும் என் எழுத்தாணி நிற்கவும் சரியாக இருந்தது."

"அபாரம்! எங்கே, விரலைக் காட்டும். சந்தனம் கமகமக்கிறதே!"

"ஓய், ஓலையைப் பாரும். என் விரலில் உமக்கென்ன ஜோசியம்?"

"ஜோசியம் இல்லை சுவாமி, சந்தேகம். எழுத்தாணி கீறினால் எழுத்து வெளுப்பாகத்தானே இருக்கும்? கரியும் கோவையிலைச் சாறும் தடவி, காயவிட்டுத் துடைத்தால்தானே கறுக்கும்? தடவினவர் விரலும் அன்றைக்குக் கறுப்பாகத்தானே இருக்கும்? உம் ஓலையில் கரி, விரலில் சந்தனம். இதற்குக் கரி பூசியது என்றைக்கு?"

கவிராயர் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆவுடை தலை நிமிர்ந்தாள்.

"நேற்றே எழுதினேன். அதனால் என்ன?" என்று சீறினார் கவிராயர். "இவள் திரிகையோடு ஒத்திகை பார்ப்பது ஊருக்கே தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்!"

"வாஸ்தவம். ஆனால் நீர் அரிசியை உலையில் போடுவதற்கு முன்னாலேயே அல்லவா பதம் பார்த்திருக்கிறீர்!"

ராஜா மீசைக்குள் சிரித்தார். "சட்டப்படி, கேட்டு எழுதியதுதான் ஓலை. கேளாமல் எழுதியது வெறும் மட்டை, செல்லாது. அப்படியானால் தீர்ப்பு யாருடையது?"

"கேட்டவர் யாரோ அவருடையது. தாங்கள் கேட்டீர்களா மகாராஜா?"

"கேட்டேனே! எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால், மருதாசலம், மற்றக் கச்சேரியில் இரண்டாம் பாட்டுக்கே தூங்கிப்போவேன். இன்றைக்குக் கண்ணை மூட முடியவில்லை. திரிகை இன்னும் நெஞ்சுக்குள்ளே சுற்றுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது."

அவ்வளவுதான். கவிராயர் நெற்றியில் அறைந்துகொண்டார். "மன்னிக்கணும் மகாராஜா! அவசரத்தில் ஓலை மாறிப்போயிற்று!" அங்கவஸ்திரத்துக்குள் கைவிட்டு இன்னொன்றை உருவினார். "இது பாட்டல்ல, தேவாமிர்தம். எது கல், எது குரல் என்று பிரித்தறிய முடியவில்லை..."

அந்த ஓலையும் கறுகறுவென்று இருந்தது.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையே எடுத்து ஆவுடைக்குப் போர்த்தச் சொன்னார். "இனி எந்த ஊரிலும் பாடு அம்மா, எதைத் தட்டியும் பாடு. சரி மருதாசலம், இந்த இரண்டு ஓலையையும் என்ன செய்ய? அடுப்பில் போடவா?"

"ஐயோ, வேண்டாம். நன்றாகக் காய்ந்த சரக்கு. ஆவுடையிடமே கொடுங்கள்."

ஆவுடை வாங்கினாள். தயங்கித் தயங்கி ஒன்றோடொன்றை உரசிப் பார்த்தாள். தட்டினாள். சர்ர்... சட், சட்! காற்றடிக்கும்போது பனங்காட்டில் கேட்குமே, அந்தச் சத்தம். அதையே தாளமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு கூவல் விட்டாள். மடியிலிருந்த குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

மருதாசலம் கவிராயர் பக்கம் குனிந்தார்.

"கேட்டீரா சுவாமி? இருபது வருஷத்தில் உம் ஓலையிலிருந்து சுருதி சேர்ந்து ஒரு சத்தம் வந்தது இன்றைக்குத்தான்!"