எம்.எல்.ஏ.வின் சட்டமன்றக் குரல்

மைக்செட் பச்சையம்மா மாட்டிக்கொண்ட கூத்தைக் கேளுங்கள். மைதானம் நிறைந்த கூட்டம். ஓட்டுக் கேட்க வந்த எம்.எல்.ஏ. கோதண்டபாணி மேடையிலிருந்து உறுமினார்.

"ஏம்மா, சட்டமன்றத்துல நான் முழங்கினதை இப்பவே போடு! இல்லேன்னா இந்தத் தொகுதியில உன் செட்டு ஒரு கல்யாணத்துலயும் பாடாது!"

எதைப் போடுவாள்? அஞ்சு வருஷமாக அங்கே மனுஷன் வாயே திறந்ததில்லை. யார் பேசினாலும் மேசையைத் தட்டுவார், அவ்வளவுதான். டிவியில் ஊரே பார்த்தது.

சட்டென்று பொறி தட்டியது. மேடையேறினாள். மைக்கை அவர் முன்னாலிருந்த மேசைமேல் படுக்கவைத்து, மேசையைத் தடதடவென்று தட்டினாள். மைதானமே அதிர்ந்தது.

"நம்மூரு ஏரியைக் காப்பாத்தச் சட்டம் வந்தப்போ நம்ம ஐயா குரல் இதுதாங்க!"

மறுபடியும் தடதட.

"அதே ஏரியை ஃபேக்டரிக்குக் குடுக்கச் சட்டம் வந்தப்பவும் இதேதாங்க!"

விசில் பறந்தது.

"பொய்!" என்று துள்ளி எழுந்த கோதண்டபாணி, ஆத்திரத்தில் மேசையை ஓங்கி ஓங்கி அறைந்தார். மைக் அங்கேயேதான் கிடந்தது. தடதடதட!

பச்சையம்மா கைதட்டிக் கத்தினாள்: "கேட்டுக்குங்க, அசல் குரலே வந்துடுச்சு!"