வாசலை அடைத்த நண்டு

அந்தக் காலத்தில், கழிமுகத்துச் சேற்றில் வாழ்ந்த உயிர்களுக்கெல்லாம் பேச்சு இருந்தபோது, நண்டுக்கு இரண்டு கைகளும் ஒரே அளவுதான். நண்டு வளைக்குக் கதவும் கிடையாது. கடல் வற்றினால் எல்லோரும் சேற்றில் இறங்கி மேய்வார்கள். கடல் ஏறினால் அலையாத்தி மரத்தின் வேர்களில் தொற்றி ஏறி, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏற்றத்தின்போது யாரும் தனியே இருக்கக் கூடாது என்பது அந்தச் சேற்றின் சட்டம். வளைக்குள் தங்கினால் சாவுதான் என்று எல்லோரும் நம்பினார்கள். யாரும் தங்கிப் பார்த்ததில்லை.

அங்கே சுழியன் என்று ஒரு நண்டு இருந்தான். தண்ணீர் வடிந்து, ஈரச் சேற்றில் வெயில் வந்து படிந்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்காது. வலக்கையைத் தூக்கித் தூக்கி ஆடுவான். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "உனக்கு நான் வளை தோண்டித் தர்றேன், உனக்கும்தான்" என்று வாக்குக் கொடுப்பான். அதே சுழியன் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போவான். காரணம் கேட்டால் அவனுக்கே தெரியாது. ஓட்டுக்குள் யாரோ ஈர மணலை அள்ளி அள்ளிக் கொட்டுவதுபோல் இருக்கும். சற்று முன் அழகாயிருந்த வெயில் கண்ணைக் குத்தும். "என்னப்பா?" என்று யாராவது கேட்டால் போதும், கடித்துவிடுவான். பிறகு தெளிந்ததும், கடிபட்டவரின் வாசலில் போய்க் கண்களைத் தாழ்த்தி நிற்பான். அந்த வெட்கம் முந்தைய கறுப்பைவிடக் கனமாயிருக்கும்.

ஒருநாள் ஏற்றத்தில், வேரில் அவனை ஒட்டி உட்கார்ந்திருந்தது துள்ளாண்டி. சேற்றில் தாவித் திரியும் உளுவை மீன் அது. வாய் ஓயாது.

"மச்சான், ஆட்டம் எங்கே போச்சு? காலையிலே ஊருக்கே வளை தோண்டித் தர்றேன்னியே, கொஞ்சம் சிரியேன்!"

சுழியனின் கை தானாகப் பாய்ந்தது. துள்ளாண்டியின் முதுகுத் துடுப்பில் ஒரு துண்டு அறுந்து தண்ணீரில் போனது.

சேறு முழுக்கக் கொதித்தது. தண்ணீர் வடிந்ததும் பஞ்சாயத்துக் கூட்டியது கொக்கு. ஒற்றைக் காலில் அசையாமல் நின்று நியாயம் சொல்லும் அதை எல்லோரும் கொக்கய்யா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"தம்பி," என்றது கொக்கு, குரலை உயர்த்தாமலே. "நீ ஆடுவதால்தான் பிறகு வாடுகிறாய். ஆட்டம் இல்லையென்றால் வாட்டமும் இல்லை. அந்த வலக்கையைக் கழற்றிப் போட்டுவிடு. என்னைப் பார், நான் என்றைக்காவது கோபப்பட்டுப் பார்த்திருக்கிறாயா?"

"முடியாதுன்னா?"

"மேட்டு மணலுக்குப் போய்விடு. அடுத்த ஏற்றத்துக்குள் எனக்குப் பதில் வேண்டும்."

மேட்டு மணல் வெயிலில் பொரியும். சேற்று நண்டு அங்கே ஒரு பகல் தாங்காது. சுழியனுக்கு அது தெரியும். கையா, உயிரா என்று யோசித்தபடியே வளைக்குத் திரும்பி, வாசலில் உட்கார்ந்து, இடக்கையால் வலக்கையின் மூட்டைப் பற்றினான்.

பக்கத்து வளையிலிருந்து அவன் மனைவி செம்பி எட்டிப் பார்த்தாள்.

"கழற்றத்தான் போறியா?"

"வேற வழி?"

"தாராளமாக் கழற்று. கை போனா ஆட மாட்டே, சிரிக்க மாட்டே. கறுப்பு மட்டும் வழக்கம்போல வரும். அது உன் கையிலேயா குடியிருக்கு?"

சுழியன் பிடியைத் தளர்த்தினான். செம்பி வெளியே வந்து தரையைக் காட்டினாள். நண்டு சேற்றை அள்ளித் தின்று, சக்கையைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிப் போடும். நேற்று சுழியன் போட்ட உருண்டைகள் வேரோரம் தண்ணீர் எட்டாத மேட்டில் வரிசையாகக் கிடந்தன.

"பாரு. ஆரம்பத்திலே எல்லாம் மிளகு மாதிரி உருண்டு கிடக்கு. இங்கே வரவரக் கோணல். இதோ, இதைப் பாதியிலே போட்டுட்டே. இப்படிப் பாதியிலே விட்டபிறகுதான் நீ கடிக்க ஆரம்பிப்பே. எத்தனை நாளாப் பார்க்கிறேன்."

"அப்பவே ஏன் சொல்லலே?"

"சொன்னா கடிப்பியே!"

சுழியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நெடுநேரம் அந்தப் பாதி உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை உருட்டிய கணம் நினைவுக்கு வந்தது. கால்களின் கீழே, சேற்றின் அடியில், ஒரு மெல்லிய நடுக்கம். தூரத்தில் கடல் திரும்புகிற நடுக்கம். மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்தபின் தெரிந்துகொள்வதை அவன் ஓடு முன்பே கேட்டுவிடுகிறது. கேட்டதும் இருள்கிறது. இருண்ட நேரம் பார்த்துச் சட்டம் அவனைக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

அன்று அவன் கையைக் கழற்றவில்லை. மேட்டு மணலுக்கும் போகவில்லை. சேற்றில் இறங்கித் தின்ன ஆரம்பித்தான். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கொக்கு ஒற்றைக் காலில் காத்திருந்தது. ஓர் உருண்டை கோணியது. அடுத்தது பாதியில் உடைந்தது. சுழியன் நிமிர்ந்தான்.

"எல்லாரும் கேளுங்க. எனக்குக் கறுப்பு வருது. இது யார் மேலேயும் கோபமில்லே. நான் உள்ளே போறேன். யாரும் தட்ட வேண்டாம், சமாதானம் சொல்ல வேண்டாம். நானே திறப்பேன்."

"சட்டம் தெரியுமா உனக்கு?" என்றது கொக்கு.

"தெரியும். அதைத்தான் மீறப் போறேன், கொக்கய்யா."

பெரிய சேற்று உருண்டை ஒன்றை இழுத்துக்கொண்டு வளைக்குள் இறங்கி, வாசலை உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டான்.

கொக்கு வளையருகே வந்து மூக்கால் தட்டியது. "தம்பி, திற. மனசுவிட்டுப் பேசலாம்." மறுபடி தட்டியது. தண்ணீர் அதன் முழங்காலுக்கு வந்தது. "திறக்கிறாயா, இல்லையா? யாரிடம் விளையாடுகிறாய்?" என்று கத்தியது. இறக்கையை அடித்துக்கொண்டு, மூக்கு முழுக்கச் சேறு அப்ப, கண்மண் தெரியாமல் தரையைக் கொத்தியது. வேர்களில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். துள்ளாண்டிதான் சொன்னது: "கொக்கய்யாவுக்கு எதைக் கழற்றுவது?"

தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் கொக்கு பறந்தது.

உள்ளே சுழியன் இருட்டில் கிடந்தான். மேலே கடல் மொத்தமும் நடந்துபோகிற சத்தம். உள்ளிருந்த கறுப்பும் ஏறியது. எதற்கும் லாயக்கில்லாதவன் என்றது. இனி வெயிலே வராது என்றது. அவன் அதனோடு வாதாடவில்லை. நம்பவும் இல்லை. அப்போது பக்கத்துச் சுவரில் மெல்ல ஒரு தட்டல். செம்பியும் அன்று வேருக்கு ஏறாமல் தன் வளையை அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவனும் ஒருமுறை தட்டினான்.

கடல் இறங்கியது. அதோடு எதுவோ அவனுக்குள்ளும் இறங்கியது. வாசல் உருண்டை தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்திருந்தது. வலக்கையைக் கொடுத்து நெம்பினான். மறுபடி நெம்பினான். அது புரண்டது. வெயில் முகத்தில் விழுந்தது.

"உயிரோட இருக்கான்!" என்று துள்ளாண்டி குதித்தது.

திரும்பி வந்திருந்த கொக்கு, சேறு காயாத மூக்கோடு கேட்டது: "குணமாகிவிட்டதா?"

"இல்லே. அது மறுபடியும் வரும். நானும் மறுபடியும் வருவேன்."

சொல்லிவிட்டுக் கடலின் பக்கம் திரும்பி, வலக்கையை உயரத் தூக்கி ஆட்டினான். பிறகு துள்ளாண்டியிடம் போய், கடித்ததற்கு மன்னிப்புக் கேட்டு, வாக்குக் கொடுத்திருந்த வளையை அன்றே தோண்டித் தந்தான்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அடைத்து, ஒவ்வொரு வற்றத்துக்கும் நெம்பி, அந்தக் கை பெருத்துக்கொண்டே போனது. உடம்பளவு பெருத்தபின் அவன் மகன்கள் அப்படியே பிறந்தார்கள். மகள்களுக்குச் செம்பியின் சின்னக் கைகள். ஆனால் உருண்டையைப் பார்க்க எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் சேற்று நண்டு, கடல் ஏறுமுன் தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. வற்றியதும் தானே திறந்து வந்து, பெருத்த ஒற்றைக் கையைத் தூக்கி ஆட்டுகிறது. நம்மைப் பார்த்து வணக்கம் சொல்கிறது என்று படகில் போகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கடலுக்குத் தெரியும், அது யாரைப் பார்த்து ஆட்டுகிற கை என்று.