முகிலன் சொல்ல வந்தது

பேச்சு வரச் சிரமப்படும் குழந்தைகள் படிக்கும் பள்ளி அது. அங்கே உதவியாளர் வேலை பழக வந்தவர் செண்பகவல்லி. பழக்கியவர் ஜெசிந்தா டீச்சர், வயதில் அவரைவிடச் சின்னவர்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் போனதும் டீச்சர் அன்றைய குறையைச் சொல்வார். தினமும் அதே குறைதான்.

“முகிலன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க பதில் சொல்லிடுறீங்க அக்கா.”

“இல்ல டீச்சர், பாவம், பிள்ள திணறுறான். பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?”

“அவன் திணறல. மெதுவா வர்றான். நீங்கதான் திணறுறீங்க.”

செண்பகவல்லிக்கு முகம் சுண்டிப்போகும். நண்டுசிண்டெல்லாம் நமக்குப் பாடம் எடுக்குது என்று முணுமுணுத்தபடி பையை எடுப்பார். மறுநாளும் முகிலன் தண்ணீர் கேட்க உதட்டைக் குவிக்கும்போதே தம்ளர் வந்து நிற்கும். பாசம்தான், யார் இல்லையென்றது?

ஒரு வெள்ளிக்கிழமை முகிலனின் அப்பா வந்தார். குவைத்தில் வேலை. விடுப்பு முடிந்து அன்று மாலை விமானம். பிள்ளையின் முன்னால் மண்டியிட்டார்.

“அப்பா கிளம்பட்டுமா கண்ணு?”

முகிலன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். உதடு அசைந்தது. சத்தம் இன்னும் வரவில்லை.

பொறுங்கள் என்று டீச்சர் செண்பகவல்லியிடம் அவசரமாகக் கையைக் காட்டினார். அதற்குள், “நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னு சொல்றான் சார்,” என்றார் செண்பகவல்லி.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் ஏறிய ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை முகிலனின் வாய் திறந்தே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. அழக்கூட இல்லை அவன்.

அன்று டீச்சர் குறையே சொல்லவில்லை. அதைத்தான் செண்பகவல்லியால் தாங்க முடியவில்லை.

“திட்டிடுங்க டீச்சர்.”

டீச்சர் பலகையைத் துடைத்தார்.

“எத்தனை தடவ சொன்னீங்க, காதுலயே போட்டுக்கலையே நான்! ஐயோ, அவன் என்னதான் சொல்ல வந்தான்?”

“எனக்குத் தெரியாது அக்கா. அவன்கிட்டயே கேளுங்க.”

திங்கட்கிழமை காலை செண்பகவல்லி முகிலனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு அப்பாகிட்ட என்ன சொல்ல வந்த ராசா? மெதுவாச் சொல்லு. நான் வாயே திறக்க மாட்டேன்.”

சொன்னபடியே இருந்தார். இடைவேளை மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் வெளியே போனார்கள். முகிலன் அசையவில்லை.

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான் டீச்சர். என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கான்.”

டீச்சர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருக்கான் அக்கா.”