மட்டியூரார் கொண்டுவந்த கிணற்றுச் சிறப்பிதழ்

மட்டியூர் கலைக் கல்லூரியில் வரலாற்றுத் துறை என்று ஒன்று உண்டு. அங்கே நாலு பேர். நாலு பேருமே தங்கமான மனிதர்கள். யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறும் அதுதான்.

துறைத்தலைவர் கூத்தபிரான். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும், ஒன்றிலும் மை இருக்காது. மை இருந்தால் சட்டையில் கொட்டும் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்திருந்தார்கள். அவருக்குக் கீழே வெயிலுமுத்து, பிச்சாண்டி, அமலோற்பவம் டீச்சர்.

இவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஓர் ஆய்விதழின் தலைமை ஆசிரியர். கிணறுகளைப் பற்றி ஒரு சிறப்பிதழ் போடப்போகிறோம், அந்த ஓர் இதழுக்கு மட்டும் உங்கள் துறை விருந்தினர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்றார். இவர்களைப் போய் ஏன் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கைவிரித்திருக்க வேண்டும்.

போனை வைத்ததும் கூத்தபிரான் கூட்டம் போட்டார்.

"நாம இப்போ விருந்தாளி. விருந்தாளி எப்படி நடந்துக்கணும்?"

"இலையில போட்டதைச் சாப்பிடணும் சார்," என்றார் பிச்சாண்டி.

"உப்பு இல்லைன்னு சொல்லப்படாது," என்றார் அமலோற்பவம் டீச்சர்.

"அதேதான். அவங்க வீட்டு முறை என்னவோ அதுதான் நமக்கும் முறை. ஏன், எதுக்குன்னு கேட்டா மரியாதை கெட்டுப்போகும்."

தலைமை ஆசிரியர் போனில் சொன்னவை இரண்டே விதிகள். ஒவ்வொரு கட்டுரையையும் அந்தப் பொருள் தெரிந்த இரண்டு பேர் படித்து மதிப்பிட வேண்டும். எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது. "எந்தக் காரணத்தைக்கொண்டும் தெரியக்கூடாது" என்று அழுத்தி வேறு சொல்லிவிட்டார். மனிதர் அழுத்தாமல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கட்டுரைகள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்று ஆவுடைச்செல்வி எழுதியது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் நிறைய, சம்பளம் கொஞ்சம், அதுவும் கோடை விடுமுறையில் கிடையாது. மட்டியூர் வரலாற்றுத் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். இந்த வருஷத்தை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பாழ்ங்கிணறுகளையும் பங்காளிச் சண்டைகளையும் பற்றி ஊர் ஊராக அலைந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, சில வீடுகளில் திட்டும் வாங்கி எழுதிய கட்டுரை அது. எனக்குப் பிடித்த கட்டுரை.

மட்டியூரார் வேலையில் இறங்கினார்கள். வெயிலுமுத்து கத்தரிக்கோல் எடுத்து எல்லாக் கட்டுரைகளிலிருந்தும் எழுதியவர் பெயரை நறுக்கினார். நறுக்கிய துண்டுகளை அமலோற்பவம் டீச்சரின் டிபன் பாக்ஸில் போட்டுப் பூட்டினார்கள். அதனால் இதழ் முடியும்வரை டீச்சருக்கு மத்தியானச் சாப்பாடு ஹோட்டலில்தான். எந்தப் பெயர் எந்தக் கட்டுரையில் இருந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. குறித்துவைத்தால் யாராவது படித்துவிடுவார்களே!

அடுத்தது இரண்டு பேர் படிக்க வேண்டிய விதி.

"ஒரு கட்டுரை, ரெண்டு ஆள்," என்றார் கூத்தபிரான். "எப்படிக் கொடுக்கிறது?"

"ஆளுக்குப் பாதி சார்," என்றார் பிச்சாண்டி. "ஒருத்தருக்கு முழுசும் கொடுத்துட்டா இன்னொருத்தர் மனசு சங்கடப்படும்."

நியாயமாகத்தான் பட்டது. கட்டுரைகளை நடுவில் கிழித்து, முன்பாதியை ஒருவருக்கும் பின்பாதியை ஒருவருக்கும் அனுப்பினார்கள்.

பொருள் தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு டீச்சர் நல்ல யோசனை ஒன்று வைத்திருந்தார். கட்டுரையின் கடைசியில் மேற்கோள் நூல்கள் இருக்கும், அதில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவரே அந்தப் பொருளில் பெரிய ஆள். பாழ்ங்கிணற்றுக் கட்டுரையின் கடைசியில் பார்த்தார்கள். ஆவுடைச்செல்வி செய்த எம்.ஃபில். ஆய்வேடு, ஆவுடைச்செல்வி செய்த பிஎச்.டி. ஆய்வேடு, ஆவுடைச்செல்வி கருத்தரங்கில் படித்த உரை.

"அடேயப்பா! இந்த அம்மாதான் சார் இதுக்குச் சரியான ஆள்," என்று பின்பாதியை அவருக்கே அனுப்பிவைத்தார்கள்.

மதிப்பீடுகள் திரும்பி வந்தன. முன்பாதி படித்தவர்கள் எல்லாரும், கட்டுரைக்கு முடிவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். பின்பாதி படித்தவர்கள், எடுத்த எடுப்பிலேயே 'ஆகவே' என்கிறாரே, எதற்கு ஆகவே என்று கோபப்பட்டிருந்தார்கள். மறுபடி கூட்டம்.

"ஒருத்தர் பின்பாதி இல்லைங்கிறார். ஒருத்தர் முன்பாதி இல்லைங்கிறார். ரெண்டையும் கூட்டினா என்ன வருது?"

"கட்டுரையே இல்லைன்னு வருது சார்," என்றார் வெயிலுமுத்து கவலையோடு.

"ஆனா முன்பாதி படிச்சவர் முன்பாதி இல்லைன்னு சொல்லலியே," என்றார் டீச்சர். "பின்பாதி படிச்சவரும் பின்பாதி இல்லைன்னு சொல்லலியே."

எல்லாருக்கும் உயிர் வந்தது. படித்தவர்கள் யாருமே தாங்கள் படித்ததை இல்லை என்று சொல்லாததால், எல்லாக் கட்டுரைகளும் ஏற்கப்பட்டன. ஒன்றைத் தவிர. அதற்கு மட்டும் மதிப்பீடு வராமல் போன் வந்தது.

"சார், ஆவுடைச்செல்வி பேசுறேன். மதிப்பிடச் சொல்லி ஒரு கட்டுரை அனுப்பியிருக்கீங்க. அது நான் எழுதினது சார். அதுவும் பாதிதான் இருக்கு."

கூத்தபிரானுக்கு முகம் வெளுத்துவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டார். "மோசம் போயிட்டோம். எழுதினது யாருன்னு இந்த அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு!"

"யாரு சொல்லியிருப்பா?"

"சத்தியமா நான் இல்லை. டப்பா சாவி என் தாலிச்செயின்லதான் கிடக்கு," என்று டீச்சர் எடுத்தே காட்டினார்.

"விதி மீறியாச்சு. கட்டுரையைத் தள்ளிட வேண்டியதுதான்," என்றார் பிச்சாண்டி.

கூத்தபிரான் போனில் அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் உடைந்துவிட்டது. "சார், சார், தள்ளிராதீங்க சார். எனக்கு இதை விட்டா வேற வழி கிடையாது சார்." எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, தன் கட்டுரை தன்னுடையது என்று சொன்னதற்கு ஒருத்தி அழ வேண்டியிருக்கிறதே! நல்லவேளையாகக் கூத்தபிரானுக்கு இளகிய மனது.

"அழாதீங்கம்மா. ஒரு வழி இருக்கு. அதை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. சரியா?"

ஆவுடைச்செல்விக்கு வயது வரம்பு கண்முன் வந்திருக்க வேண்டும்.

"தெரியாது சார்."

"நல்லது. கட்டுரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். கண்டிப்பாப் போடலாம் சார். எழுதினவங்க ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதியிருக்காங்க சார்."

கூத்தபிரான் போனை வைத்துவிட்டு, "என்ன நடுநிலையான மனுஷி!" என்று மெச்சினார்.

அச்சுக்குப் போகிற அன்று டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். பெயர்கள் ஒரு குவியல், கட்டுரைகள் ஒரு குவியல். ஆவுடைச்செல்வியின் கட்டுரை எதுவென்று அவரே உளறிவிட்டதால் அதில் குழப்பமில்லை. மற்றதெல்லாம்?

"நீளமான கட்டுரைக்கு நீளமான பெயர்," என்று தீர்ப்புச் சொன்னார் கூத்தபிரான். "அளந்து ஒட்டுங்க."

ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டினார்கள். அதன் பலனாக, கல்வெட்டுப் படிக்கத் தெரியாத ஒருவர் கல்வெட்டுக் கிணறுகளுக்கு அதிகாரி ஆனார். தாராசுரத்துப் பேராசிரியர் ஒருவர், தான் பிறப்பதற்கு முன்னால் தானே நேரில் தோண்டிய கிணற்றைப் பற்றி எழுதியவர் ஆனார். அவர்கள் போன் போட்டுக் கத்தியது தனிக்கதை.

அச்சகத்திலிருந்து இதழ்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது நேர்காணல் அன்று காலையில். ஆவுடைச்செல்வி முதல் பஸ்ஸிலேயே வந்து வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே டீச்சர் திடீரென்று நெஞ்சில் கையை வைத்தார்.

"சார், மதிப்பிட்டவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி கொடுக்கணுமே. பிரிச்சுப் பார்த்தா எழுதினவர் பேர் தெரிஞ்சிருமே!"

எந்தக் காரணத்தைக்கொண்டும் தெரியக்கூடாது என்று தலைமை ஆசிரியர் அழுத்திச் சொன்னது எல்லார் காதிலும் ஒலித்தது. வெயிலுமுத்து ஆபீஸுக்கு ஓடி முத்திரை குத்துகிற மையை வாங்கிவந்தார். யார் யார் எதை மதிப்பிட்டார்களோ, அவரவர் பிரதியில் அந்தக் கட்டுரையை எழுதியவர் பெயர் வருகிற இடமெல்லாம் பட்டையாக மை பூசினார்கள். மற்ற பிரதிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு ஆவுடைச்செல்வியை அழைத்து, அவருடைய பிரதியை இரண்டு கையாலும் கொடுத்தார் கூத்தபிரான்.

அவர் ஆசையாகப் பிரித்தார். தன் கட்டுரை. தன் தலைப்பு. அதற்குக் கீழே தார் ரோடு மாதிரி ஒரு கறுப்புப் பட்டை.

"சார், என் பேரு சார்?"

"அதுதான் உங்களுக்குத் தெரியாதேம்மா," என்றார் கூத்தபிரான் அன்பாக.

"வேற ஒரு பிரதி தாங்க சார். கையெடுத்துக் கும்பிடுறேன்."

"ஆளுக்கு ஒண்ணுதாம்மா. அந்த வீட்டு முறை அப்படி."

அதற்குள் நேர்காணலுக்கு மணி அடித்துவிட்டார்கள். உள்ளே மூன்று பேர்: முதல்வர், வெளியூர் நிபுணர் ஒருவர், பின்வாசல் வழியாக ஓடிவந்து உட்கார்ந்த கூத்தபிரான். முதல்வர் இதழைப் பிரித்தார். மையைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார், விரலில் ஒட்டியது.

"ஏம்மா, இதில் எழுதினவர் பேரையே காணோம். இது யார் எழுதினது?"

ஆவுடைச்செல்வி கூத்தபிரானைப் பார்த்தார். அவர் கண்ணாலேயே 'தெரியாது, தெரியாது' என்று ஜாடை காட்டினார். தெரியாது என்றால் வேலை போச்சு. தெரியும் என்றால் கொடுத்த வாக்கு போச்சு, அதோடு துறைத்தலைவரின் தயவும் போச்சு. அந்தப் பெண்ணுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் ஜெயித்தது.

"நான்தான் சார் எழுதினேன். ஒவ்வொரு வரியும் நான் எழுதினது சார்!"

கூத்தபிரான் நாற்காலி சாய எழுந்துவிட்டார். ஆவுடைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரின்சிபால் சார்! இந்த ரகசியத்தைக் காப்பாத்த நாங்க என்ன பாடுபட்டோம் தெரியுமா? பேரை வெட்டினோம். டப்பாவில போட்டுப் பூட்டினோம். கட்டுரையைப் பாதியாக் கிழிச்சோம். இன்னிக்குக் காலையில மை வேற பூசினோம். இத்தனைக்கும் மேல ஒரு ஆள் தன்னந்தனியாக் கண்டுபிடிச்சிருக்காங்கன்னா, இவங்களைவிடப் பெரிய ஆராய்ச்சியாளர் நமக்கு எங்கே கிடைப்பாங்க?"

முதல்வரும் மட்டியூர்க்காரர்தான். அசந்துபோய்த் தலையாட்டினார். வெளியூர் நிபுணர் மட்டும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வேலை ஆவுடைச்செல்விக்கே கிடைத்தது.

அவர் சேர்ந்த அன்று துறையில் ஐந்தாவதாக ஒரு மேசை போட்டு, அதன்மேல் அவர் பெயர் எழுதிய பலகையையும் வைத்திருந்தார்கள். அவர் வாசல்படி ஏறுவதைப் பார்த்ததும் வெயிலுமுத்து பாய்ந்துபோய்ப் பலகை முழுக்க மை பூசிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலத் தன் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடைச்செல்வி உள்ளே வந்து பார்த்தார். நாலு மேசைக்குப் பின்னால் நாலு பேர். ஒரு மேசை காலி. அவர் பெருமூச்சு விட்டபடி அதில் போய் உட்கார்ந்தார்.

நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"பார்த்தீங்களா," என்றார் கூத்தபிரான் தழுதழுத்த குரலில், "இதையும் கண்டுபிடிச்சுட்டாங்க!"